வில்லங்கச் சான்றில் ஏறாத வில்லங்கம்: ஏலமலையும் 1897 அறிவிப்பின் எண்ணும்

போடியில் வீடும் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டமும் வைத்திருப்பவர் இரண்டையும் விற்க முனைந்தால், வீட்டுக்குத் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது என்று பார்த்துக் கிரயத்தை முடித்துவிடலாம். தோட்டத்துக்கும் அதில் எழுப்பிய கட்டடத்துக்கும் அவை போதா. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பூப்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து நிலத்தில் சான்று சுத்தமாக இருந்தாலும் வாங்குபவர் தயங்குவார். இதற்கான காரணத்தை 1897 ஆகஸ்ட் 24ஆம் தேதியிட்ட திருவிதாங்கூர் அறிவிப்பில் தேடுவது வழக்கம். சி.எச்.ஆர். எனப்படும் ஏலமலை ரிசர்வின் பரப்பு அதில் 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே பிணக்கு. முதலாவது கேரள அரசின் நிலை. இரண்டாவது, உச்ச நீதிமன்றத்துக்குப் போன ‘ஒன் எர்த் ஒன் லைஃப்’ அமைப்பின் வாசிப்பு.

அந்த வாசிப்பில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. இந்திய முறையில் எழுதிய இந்த எண்ணின் முன்னால் நிற்கும் ‘2’ஐக் காற்புள்ளியோடு நீக்கினாலும் சேர்த்தாலும் தழும்பு தெரியாது. இரண்டுமே ஒழுங்கான எண்கள். எனவே எழுத்தை மட்டும் வைத்து எது மூலம், எது பிழை என்று தீர்ப்பது வீண்வேலை. பரப்பைக் கொண்டு சோதிக்கலாம். 2,15,720 ஏக்கர் சுமார் 337 சதுர மைல். ஏலமலைக்கு வழக்கமாகச் சொல்லப்படுவதோ 334 சதுர மைல். நெருங்குகிறது, ஆனால் பொருந்தவில்லை. இடைவெளியே 2,000 ஏக்கர் அளவுக்கு வருகிறது. 15,720 ஏக்கரோ 25 சதுர மைலைக்கூட எட்டாது. 1977 ஜனவரி 1க்கு முன் வனநிலத்தில் குடியேறியவர்களுக்குப் பட்டா வழங்க 1993இல் கேரளம் வகுத்த சிறப்பு விதிகளின் கீழ் வந்த ஏலமலை நிலம் மட்டும் 20,000 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 50,000 ஏக்கர். மொத்த ரிசர்வே 15,720 என்றால் இந்தக் கணக்கு எப்படி வந்தது? முன்னெச்சரிக்கையாகவே அந்த நிலத்தையும் வனநில விதிகளின் கீழ்ச் சேர்த்தோம் என்று அரசுத் தரப்பு சொல்லலாம். சொன்னால் மறுப்பது எளிதல்ல. ஆயினும் எண் விஷயத்தில் தராசு மனுதாரர் பக்கமே சாய்கிறது.

பரப்பு பெரிது, ஆகவே அத்தனையும் காடு என்று தாவும் இடத்தில்தான் நான் விலகுகிறேன். திருவிதாங்கூர் அரசின் ஏல ஏகபோகம் 1896இல் ஒழிந்து, விளைச்சலுக்குப் பதில் நிலத்துக்கு வரி வந்தது. மறு ஆண்டே இந்த அறிவிப்பு. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். நிழலுக்கு மரம் வேண்டும். வரி கட்டும் குடியானவனை விரட்ட அல்ல, அவன் மரத்தை வெட்டாமல் காக்கவே ரிசர்வ் என்று நான் வாசிக்கிறேன். நிலம் வருவாய்த் துறையிடமும் மரம் வனத்துறையிடமும் இருக்கும் இரட்டை ஆட்சி இதற்கு ஒத்துப்போகிறது. அதற்கு மேல் என் கையில் இருப்பது அந்த இரண்டு ஆண்டுகளின் நெருக்கம் மட்டுமே. அதை முடிந்த முடிவாகச் சொல்லமாட்டேன்.

இந்த வாசிப்பு சரியென்றால் வில்லங்கம் எண்ணில் இல்லை, நிலம் கொடுக்கப்பட்ட நோக்கத்தில் இருக்கிறது. 1935, 1961 குத்தகை விதிகள் நிலத்தைக் கொடுத்தது ஏலம் பயிரிட. 15,720 என்றே தீர்ப்பு வந்தாலும் குத்தகை நிலத்தில் கட்டிய விடுதியின் குறை தீராது. இடுக்கியில் பட்டாவின் நோக்கத்துக்கு மாறான கட்டுமானத்தை 2019 ஆகஸ்ட் 22 அரசாணை தடுத்தது. பட்டா நிலத்தில் நடந்த மீறலை முறைப்படுத்த 2023 திருத்தச் சட்டம் வழிவிட்டது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏலமலையில் புதிய பட்டாவுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு கண்டுபிடிக்க முடியாத உரிமைக் குறையை விற்பவரே சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. மலை நிலத்துக்கு முன்பணம் கொடுப்பவர்கள் வில்லங்கச் சான்றுக்கு முன்னால், அந்த நிலம் எந்த விதியின் கீழ், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.