ஊளையிடும் பற்சில்லுகள்

கார் எழுப்பும் சத்தங்களுள் தட்டலும் இடியும் உடனே காதில் விழுபவை. ஊளைச் சத்தம் அப்படியல்ல. அது மெல்லத் தொடங்கி வேகத்தோடு சுருதி ஏறும். காதுக்குப் பழகியும் போகும். பின் ஒருநாள் நடுறோட்டில் வண்டியை நிறுத்திவிடும். மோட்டார் வாகனத்தின் வரலாற்றை இந்த ஊளையை அடக்க மனிதர் எடுத்த முயற்சிகளின் வரலாறாகவும் பார்க்கலாம். அதில் யாழ்ப்பாணத்துக் கராஜ்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அது பெரும்பாலும் எழுதப்படாத அத்தியாயம்.

ஆரம்பகாலக் கார்களின் கியர்ப் பற்கள் அச்சுக்கு நேராக வெட்டப்பட்டவை. ஒரு பல் தன் முழு அகலத்தோடும் மறுபல்லில் ஒரேயடியாக மோதும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான மோதல்கள் சேர்ந்து ஒரே சுருதியாகக் கேட்பதே ஊளை. பல்லைச் சரிவாக வெட்டினால் அது படிப்படியாகக் கவ்வும், சத்தம் குறையும். ஆனால் சரிவுப் பல் அச்சைப் பக்கவாட்டில் தள்ளும். எதிரெதிர்ச் சரிவுகளை அம்பு முனை போலச் சேர்த்தால் அந்தத் தள்ளலும் நீங்கும். 1900இல் போலந்துக்குச் சென்ற அந்திரே சித்ரோன் இத்தகைய பற்சில்லுகளைக் கண்டு அவற்றைச் செய்யும் உரிமையை வாங்கினார். பாரிஸ் தெருக்களில் நாம் காணும் சித்ரோன் கார்களின் இரட்டை அம்பு முனைச் சின்னம் அந்தப் பற்களின் வடிவமே. 1920களில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் உருவாக்கிய ‘ஹைப்பொயிட்’ பற்கள் பின் அச்சின் சத்தத்தைக் குறைத்தன. இப்பற்கள் ஒன்றையொன்று பலமாக உரசிச் சறுக்குவதால் அவற்றுக்கென்று தனியான ஒயில் வேண்டும்.

1948இல் லண்டனில் அறிமுகமான மொறிஸ் மைனரில் இந்த முன்னேற்றங்களோடு பழைய எச்சமும் இருந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அக்காரின் முதலாம் கியருக்கும் பின் கியருக்கும் நேர்ப்பற்களே. எனவே முதலாம் கியரில் ஊளையிடும் மைனர் நோயாளி அல்ல; அது அதன் பிறவிக் குரல். எது குரல், எது நோய் என்று பிரிப்பதே மெக்கானிக்கின் முதல் வேலை.

சத்தம் எந்த வேகத்தைப் பின்தொடர்கிறது என்பதே கேள்வி. வண்டி நிற்கையில் எஞ்சினை முறுக்கச் சுருதி ஏறினால் டைனமோ, வாட்டர் பம்ப், பெல்ற் ஆகியவற்றில் சந்தேகம் கொள்ள வேண்டும். பெல்ற்றைக் கழற்றிச் சில விநாடி ஓட்டினால் உண்மை தெரியும். நியூற்றலில் கேட்கும் ஊளை கிளச்சை மிதித்ததும் அடங்கினால் அது கியர்பொக்ஸ் பெயரிங். நாலாம் கியரில் விசை நேராகப் பின்னே செல்வதால் பக்கத்துப் பற்களில் பாரம் விழாது. கீழ்க் கியர்களில் கேட்டது அங்கே மறைந்தால் குற்றம் கியர்பொக்ஸில். நாலிலும் மறையாமல் வண்டியின் வேகத்தோடு ஏறினால் பின் அச்சில். அங்கும் அக்சிலறேற்றரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பற்களின் பொருத்தத்தையும், எப்போதும் ஊளையிட்டால் பெயரிங்கையும் பார்க்க வேண்டும். நீண்ட திருப்புளியின் முனையைப் பெயரிங் கூட்டில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பது இதற்கு உதவும் எளிய கருவி.

வைத்தியம் ஒயில் மட்டத்தைப் பார்ப்பதில் தொடங்குகிறது. பெயரிங் என்றால் மாற்றலாம். கிறவுன் வீலும் பினியனும் வேறு கதை. தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டுப் பதப்படுத்தப்பட்ட சோடி அது. ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் இணங்காமல் முன்னிலும் பலமாக ஊளையிடும். சத்தத்தை மறைக்கக் குறுக்குவழியும் இருந்தது. பழைய கார் விற்பவர்கள் சிலர் கியர்பொக்ஸில் மரத்தூளைக் கலந்துவிடுவார்கள். வாங்கியவர் சில நாள் அமைதியாக ஓடுவார். சத்தம் அடங்கியிருக்கும், தேய்வு அடங்காது.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கைக்குக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1950களில் வந்த மைனர்களும் ஒஸ்ரின் ஏ40களும் ஓடியே தீரவேண்டியதாயிற்று. 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது எரிபொருளோடு மின்கலமும் உதிரிப்பாகமும் யாழ்ப்பாணத்துக்கு வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். முழுதும் ஆவியாகாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். பெயரிங்குகள் விரைவில் தேயும். மாற்றுப் பாகம் இல்லாத இடத்தில் குற்றத்தை நேரத்தோடு கேட்டறிவதே வண்டியைக் காக்கும் வழி. அந்த வண்டிதான் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அங்கே செவி ஓர் உயிர்க்கருவி.

இன்று மின்சாரக் கார்களில் எஞ்சின் இரைச்சல் இல்லாததால், அதற்குள் ஒளிந்திருந்த பற்சில்லின் ஊளை மீண்டும் கேட்கிறது. பொறியியலாளர்கள் மறுபடியும் அதனோடு மல்லுக்கட்டுகிறார்கள். மறுபுறம், மெல்லச் செல்லும் மின்சாரக் கார் பாதசாரிகளுக்குக் கேட்கும்படி சத்தம் எழுப்ப வேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டம் 2019இல் புதிய மாதிரிகளுக்கும் 2021இல் எல்லாப் புதிய கார்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. சத்தமும் ஒரு தகவல் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

அந்தத் தகவலைப் படிக்கத் தெரிந்த எமது மெக்கானிக்குகள் பலர் இன்று முதுமையில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வாழ்கிறார்கள். அவர்கள் கற்றது புத்தகத்தில் அல்ல, பக்கத்தில் நின்று கேட்டு. கேட்க வண்டியும் இல்லை, நிற்கப் பெடியனும் இல்லை என்றான பின், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிவைப்பது ஒன்றே எஞ்சியிருக்கிறது. வீட்டில் அப்படியொருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு கொப்பியோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.