தேசிக்காய்ச் சாறும் நம் துறைமுகமும்

கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

எங்கள் வகுப்புப் பிள்ளையொருவனுக்குக் கையிலும் கழுத்திலும் சொறி. "கிரந்தி" என்று வீட்டில் மீனை நிறுத்தினார்கள். பிறகு முட்டை, தக்காளி, மாம்பழம். புளிப்பு ஆகாதென்று தேசிக்காயும் போயிற்று. மூன்று மாதமாக வெள்ளைச் சோறு, பருப்பு, பிஸ்கட். சொறி போகவில்லை. போன கிழமை அவன் சிரித்தபோது பார்த்தோம், முரசில் இரத்தம். நாங்கள் வைத்தியர்கள் அல்ல. வைத்தியரிடம் காட்டச் சொல்லி உம்மாவிடம் கதைத்தோம். ஆனால் வரலாறு படிப்பிப்பவர்களுக்கு அந்த முரசைக் கண்டதும் நம் துறைமுகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

1782ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதைப் பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி நம் கடலுக்கு வெளியே ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் சுஃப்ரெனின் கப்பல்களும் மோதின. பீரங்கியைப் பற்றியே புத்தகங்கள் பேசும். அடுத்த வருடம் கடலூருக்கு முன்னால் நடந்த சண்டையோடு ஹியூஸ் சென்னைக்குத் திரும்பியதற்குப் பீரங்கி மட்டும் காரணமில்லை. குடிநீர் தட்டுப்பாடு, மாலுமிகள் பெருந்தொகையாக ஸ்கேவி நோயில் கிடந்தார்கள். அந்தக் கடற்படையில் 'பர்ஃபோர்ட்' என்ற கப்பலின் தலைவராக இருந்தவர் பீட்டர் ரெய்னியர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கள்.

ஸ்கேவி தோலில் எழுதும். மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு இரத்தப் புள்ளிகள், பிறகு ஊதா நிறத் திட்டுகள், முரசு வீங்கிப் பல் ஆடுதல். ஆறிய புண்ணும் திரும்பத் திறக்கும். 1740இல் புறப்பட்ட ஆன்சனின் கடற்பயணத்தில், ஐம்பது வருடத்துக்கு முன் போர்க்களத்தில் பட்ட காயம் ஒரு முதியவருக்கு மறுபடி பிளந்ததாம். காரணம் இன்று தெரியும். தோலை இழுத்துக் கட்டி வைத்திருப்பது கொலாஜன். விற்றமின் சீ இல்லாமல் உறுதியான கொலாஜன் உருவாகாது. பழைய தழும்பும் ஓயாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருப்பது. சத்து நின்றால் அதுவும் தளரும்.

அக்கால வைத்தியர்களுக்கு இது தெரியாது. உடம்பின் உள்ளே ஏதோ சமநிலை குலைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். நம் யூனானி வைத்தியம் நான்கு கலப்புகளைச் சொல்வதைப்போல, நம் வீடுகளில் சூடு, குளிர்ச்சி, கிரந்தி என்று சொல்வதைப்போல. 1747இல் 'சோல்ஸ்பரி' கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். வினாகிரி ஒரு சோடிக்கு, கடல்நீர் இன்னொரு சோடிக்கு, இப்படி. தோடம்பழமும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் ஆறு நாளில் தேறினார்கள். அப்படியிருந்தும் ஈரக்காற்றில் தோலின் துவாரங்கள் அடைபட்டு வியர்வை தேங்குவதால் இந்நோய் வருகிறதென்றே லிண்ட் விளக்கம் எழுதினார். சாற்றைச் சூடாக்கி வற்றவைத்துக் கப்பலில் கொண்டுபோகவும் சொன்னார். சூட்டில் சத்து அழிந்தது. கண்முன்னே மருந்து இருந்தும் நாற்பது வருடத்துக்கு மேல் வீணாயிற்று. உள்ளே சமநிலை குலைந்தது என்பது பிழையில்லை. எதனால் குலைந்தது என்பதில்தான் சறுக்கினார்கள்.

1794இல் 'சஃபோக்' என்ற போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டது. வழியில் எங்கும் கரை தொடாமல் 23 வாரப் பயணம். ஒவ்வொருவருக்கும் தினமும் ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் எலுமிச்சைச் சாறு, சீனியோடு. (ரம்மில் கலந்து கொடுத்தார்கள், அது அவர்கள் பாடு!) சிலருக்கு ஸ்கேவியின் அடையாளம் தெரிந்தபோது சாற்றைக் கூட்டினார்கள், மாறியது. ஒருவரும் அந்நோயில் சாகவில்லை. அந்தக் கப்பலில் கொடி பறந்தது யாருக்கு? அதே ரெய்னியருக்கு.

அடுத்த வருடம் ஓகஸ்ட்டில் அந்த 'சஃபோக்' நம் குடாவுக்குள் வந்தது. கூட வந்த 'டயமீட்' பாறையில் மோதி மூழ்கியது. 26ஆம் திகதி பிரட்றிக் கோட்டையும் 31ஆம் திகதி ஒஸ்டன்பேர்க் கோட்டையும் விழுந்தன. அதே 1795இல்தான் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை வழங்க ஒப்புக்கொண்டது. ஸ்கேவியால் தளர்ந்த கடற்படையில் இருந்த மனிதரே, பட்டியலில் சாறு ஏறிய வருடம் திருகோணமலையைப் பிடித்தார். கோட்டையைப் பிடித்தது சாறல்ல. ஆனால் நிற்கக்கூடிய மாலுமிகள் வேண்டுமல்லவா.

ஒரு திருத்தம். அவர்கள் கொண்டுவந்தது பெரிய மஞ்சள் எலுமிச்சை. பின்னாளில் 1860களில் மேற்கிந்தியத் தீவுகளின் சிறு தேசிக்காய்க்கு மாறினார்கள். அதில் சத்துக் குறைவு. 1875இல் வடதுருவம் போனவர்களுக்கு ஸ்கேவி திரும்ப வந்தது. நம் தேசிக்காயும் அந்த இனம்தான். அதே எடைக் கொய்யாவில் பல மடங்கு இருக்கும். நெல்லியும் பச்சையாக அரைத்த வல்லாரைச் சம்பலும் நல்லவை.

கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. அவற்றின் உடம்பே விற்றமின் சீயைச் செய்துகொள்ளும். மனித உடம்புக்கு அந்த வசதி இல்லை. ஒன்று முதல் மூன்று மாதம் வரை சேமிப்பில் ஓட்டும், பிறகு தோலும் முரசும் சொல்லும்.

சில பிள்ளைகளுக்குச் சில உணவுகள் உண்மையிலேயே ஒவ்வாது. அது எதுவென்பதைத் தோல் வைத்தியர் பார்த்துச் சொல்லவேண்டும். 2022இல் சாப்பாட்டு விலை ஒரு வருடத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஏறியபோது பழத்தை நிறுத்திய வீடுகள் பல, நாங்களும் நிறுத்தினோம். இல்லாமையால் நிற்பது வேறு, இருந்தும் பயத்தால் நிறுத்துவது வேறு.

அந்தப் பிள்ளையின் சொறிக்கு வைத்தியர் பூசுமருந்து கொடுத்திருக்கிறார். முரசுக்குப் பழம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். நேற்றுப் பாடசாலை வாசலில் அவனுடைய உம்மம்மாவைச் சந்தித்தோம். இறால் இன்னும் கொடுப்பதில்லையாம், முட்டைக்கு யோசிக்கிறாராம். கொய்யாவுக்கு மட்டும் சம்மதித்துவிட்டார்.