சூதும் எண்ணும்

உலகத்தே பொருளைக் கெடுப்பன பல உள. தீயாலும் வெள்ளத்தாலும் கள்வராலும் பொருள் போவதுண்டு. ஆயினும், அவ்வாறு இழந்தவன் எவனும் அத்தீயையும் கள்வனையும் மீண்டும் தன் வீட்டிற்கு அழைப்பதில்லை. சூதொன்றே, இழந்தவன் தானாகவே திரும்பச் சென்று தன்னை ஒப்புவிக்குமாறு செய்வது. இஃது எதனால் நிகழ்கின்றது? இதனைப் பழைய வரலாற்றினின்றும் நம் நாளைய நிகழ்ச்சிகளினின்றும் சிறிது ஆராய்வோம். நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் ஒருங்கிருந்து படித்தற்குரிய பொருள் இது.

இருக்குவேதம் பத்தாம் மண்டிலத்து 34-ஆம் பாடல் ஒரு சூதாடியின் புலம்பல் ஆகும். மனைவி வெறுக்கின்றாள்; மாமி பகைக்கின்றாள்; கடன் சூழ்கின்றது. இனி ஆடேன் என்று அவன் உறுதி கொள்கின்றான். கழகத்தில் காய் உருளும் ஓசை கேட்டதும் அவ்வுறுதி பறந்துபோகின்றது. அக்காலத்துச் சூதுகாய் தான்றிக்கொட்டையே. திருவள்ளுவர் பொருட்பாலில் 94-ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கினார். அதன்கண் அவர் இரண்டு மனநிலைகளை நுட்பமாக எடுத்துரைத்தார். ஒன்று, சிறு வெற்றி தூண்டிலில் வைத்த இரை போன்றது என்பது. மற்றொன்று, இழக்க இழக்க ஆசை குறையாது வளரும் என்பது. இக்கால உளநூலார் பல ஆய்வுகளின்பின் கண்டு கூறுவனவும் இவ்விரண்டேயாம்.

இனி அரசர் செய்ததைக் காண்போம். சூதுக்கென ஓர் அதிகாரியை வைத்து, ஒரே இடத்தில் ஆடுவித்து, வென்ற பொருளில் நூற்றுக்கு 5 பங்கு கொள்ளுக என்பது அருத்தசாத்திரத்தின் விதி. அரசு சூதை ஒறுத்தலும், அதனால் வருவாய் பெறுதலும் ஆகிய இருவழிகளும் அன்று முதலே உள்ளன. நம் மாகாணத்தில் 1930-ஆம் ஆண்டு சென்னைச் சூதாட்டச் சட்டம் பிறந்தது. 1968-இல் அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. 1975-இல் அது நிறுத்தப்பெற்றது; பின்னர் மீண்டும் தொடங்கப்பெற்றது; இறுதியாக 2003 ஜனவரியில் பரிசுச் சீட்டுக்கள் யாவும் தமிழ்நாட்டில் தடை செய்யப்பெற்றன. அண்டையிலுள்ள கேரளத்திலோ 1967-இல் தொடங்கிய அரசுப் பரிசுச் சீட்டு இன்றும் நடைபெறுகின்றது.

நிற்க. சீட்டுக்கடை மூடியதும் சூது கைப்பேசியிற் புகுந்தது. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படுவது என்று உச்சநீதிமன்றம் 1967-இல், ஆந்திர மாநிலத்து வழக்கொன்றில் கூறியிருந்தது. 2022-இல் தமிழ்நாடு இயற்றிய இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஆராய்ந்த சென்னை உயர்நீதிமன்றமும், 2023 நவம்பரில், ரம்மி அத்தடையுள் அடங்காதென்றது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமை, வாய்ப்பு என்னும் வேறுபாடின்றி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை விலக்கிற்று.

நம் பள்ளிப்பட்டு எல்லையோரத்து ஊர். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் வரை இஃது ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சட்டத்தால் எல்லை மாறுதலை நம் முதியோர் கண்ணாற் கண்டனர். நிலத்தெல்லையைச் சட்டம் மாற்றலாம். மனத்தெல்லையை அவரவரே வகுத்துக்கொள்ள வேண்டும். திறமையா வாய்ப்பா என்பது நீதிமன்றத்தின் வினா. வீட்டின் வினா வேறு: நடத்துவோன் பங்கு எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆடுவோர் பலர் கூடி 1,000 ரூபாய் வைக்கின்றனர் என்றும், நடத்துவோன் ஒவ்வோராட்டத்தும் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கின்றான் என்றும் கொள்க. எஞ்சியதையே மீண்டும் மீண்டும் வைத்தாடின், பத்தாம் ஆட்டத்தின் முடிவில் 349 ரூபாய் அளவே நிற்கும். இருபத்திரண்டாம் ஆட்டத்தின் முடிவில் 100 ரூபாய்க்கும் குறையும். இதில் வஞ்சகம் ஏதும் இல்லை. ஆடுவோர் யாவரும் திறமையாளரேயாயினும் கணக்கு மாறாது. ஒருவருடைய வெற்றி மற்றவருடைய இழப்பே, பங்கு மட்டும் நடத்துவோனுக்கு நிலையானது.

இத்துணை எளிய கணக்கு ஏன் மனத்திற் படுவதில்லை? வென்ற நாள் நினைவில் நிற்கின்றது. தோற்ற நாட்கள் ஒன்றோடொன்று கலந்து மறைகின்றன. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, நாள்தோறும் தவறாது கிடைக்கும் கூலியினும் மிகுதியாக மனத்தைப் பிணிக்கும். இன்னொரு மயக்கமும் உண்டு. 1913 ஆகஸ்டில் மாண்டி கார்லோ நகரத்துச் சூதரங்கில் சுழல் வட்டின் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. இனிச் சிவப்பே விழும் என்று நம்பி மேன்மேலும் பணம் வைத்தோர் பெரும்பொருள் இழந்தனர். பந்துக்கு முன்னைய நினைவு இல்லை. நினைவு ஆடுவோனுக்கே உண்டு.

நளன் கதை இவ்விடத்து எண்ணத்தக்கது. புட்கரனிடம் நாடிழந்த நளன், பின்பு இருதுபன்னனுக்குத் தேர் ஓட்டினான். அவ்வரசன் வழியில் நின்ற தான்றிமரத்தின் தொகையைப் பார்த்த அளவிலே கூறினான். நளன் அந்த எண்கலையைக் கற்றதும் அவனைப் பற்றியிருந்த கலி நீங்கிற்று. எண்ணறிவு வந்தது, கலி போயிற்று என்பதே கதையின் கருத்து. அவன் மீண்டும் ஆடி நாட்டை மீட்டானே என்பர் சிலர். கடைசியாக ஓராட்டம் ஆடி இழந்ததை மீட்பேன் என்பது கதையில் ஒருவனுக்கு வாய்த்தது. அதனை நம்பிக் குடி கெட்டோர் பலர்.

ஆகலின் அன்பர்காள்! இழந்த பொருளை ஆட்டத்தால் மீட்க எண்ணற்க. அஃது உழைப்பாலும் சிக்கனத்தாலுமே மீளும். வரவும் செலவும் இழப்பும் நாள்தோறும் எழுதப்படுக. கடன் வாங்கி ஆடுதலும் மறைத்து ஆடுதலும் நோய் முற்றுதலின் அறிகுறிகள். நோய் என்பது வெறும் உவமையன்று. 2013-இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் சூதுவெறியைக் குடிவெறி முதலியவற்றோடு ஒருங்கு வகுத்தது. ஆதலின் வீட்டார் ஏசுதலை விடுத்துக் கணக்கைக் கேட்க வேண்டும். பணப்பொறுப்பைச் சின்னாள் வேறொருவர் ஏற்க வேண்டும். மருத்துவரை நாட வேண்டும். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாக உளநல உதவி பெறலாம். இழந்த பொருளினும், நாணத்தால் வாய்திறவாது உயிரை இழப்பதே பேரிழப்பு. நம் இல்லங்களில் ஒருவன், நான் இழந்துவிட்டேன் என்று அச்சமின்றிச் சொல்லக்கூடுமாயின், அன்றே அவன்பால் நின்ற கலி பாதி நீங்கியதாகும்.