எல்லை நகர்ந்தபோது இதழ்கள்: நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியும் சுதந்திர இதழியலும்

தென்திருவிதாங்கூரின் இதழியல் வரலாறு பெரும்பாலும் இரு தனி வரலாறுகளாகவே பேசப்பட்டு வருகிறது. மலையாள இதழியல் வரலாறு நெய்யாற்றின்கரையில் பிறந்த 'சுவதேசாபிமானி' இராமகிருஷ்ண பிள்ளையைப் போற்றுகிறது. தமிழ் இதழியல் வரலாறோ 1951-இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய தினமலரைச் சுட்டிவிட்டு உடனே திருநெல்வேலிக்குச் சென்றுவிடுகிறது. இவ்விரு நிகழ்வுகளும் ஒரே நெடுஞ்சாலையைச் சார்ந்தவை என்பது போதிய கவனம் பெறவில்லை. மொழிப் பூசல் ஓய்ந்த ஒரு நிலப்பகுதியில் சுதந்திர இதழியல் எதைச் செய்தது, எதைச் செய்யாது விட்டது என்பதை நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைச் சிற்றூர்களை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-இல் தொடங்கிய சுவதேசாபிமானி இதழின் ஆசிரியப் பொறுப்பை இராமகிருஷ்ண பிள்ளை 1906-இல் ஏற்றார். உரிமையாளர் ஆசிரியரின் எழுத்தில் தலையிடவில்லை. அக்கால இதழுலகில் இஃது அரிதான ஏற்பாடு. திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் ஆட்சிமுறையையும் அரண்மனைச் சூழலின் முறைகேடுகளையும் இதழ் தொடர்ந்து கண்டித்தது. 1910 செப்டம்பர் 26 அன்று மன்னர் ஸ்ரீமூலம் திருநாளின் ஆணையால் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது, ஆசிரியர் நாடுகடத்தப்பட்டார். நீதிமன்ற விசாரணை ஏதும் நடைபெறவில்லை. அவரை ஆரல்வாய்மொழி கடந்து திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டனர். அன்று திருவிதாங்கூரின் தென்கிழக்கு வாயில் ஆரல்வாய்மொழியே ஆகும். பின்னர்ப் பல ஊர்களில் வாழ்ந்து, 1916 மார்ச்சு 28-இல் கண்ணூரில் மறைந்தார். 1912-இல் அவர் எழுதிய 'விருத்தாந்த பத்ர பிரவர்த்தனம்' மலையாளத்தில் இதழியற்கலை பற்றி எழுந்த முன்னோடி நூல்.

எனினும் அவருடைய சுதந்திரம் எதிலிருந்து பெற்ற சுதந்திரம் என்று கேட்பது இன்றியமையாதது. புலையர் குழந்தைகளை ஏனைய சாதிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர்த்துவதை 1910-இல் அவருடைய ஆசிரியவுரை எதிர்த்தது. அதே காலப்பகுதியில்தான், நெய்யாற்றின்கரைக்கு அணித்தான ஊரூட்டம்பலத்தில் அய்யன்காளியின் பள்ளி நுழைவுப் போராட்டம் வன்முறையை எதிர்கொண்டது. அரசனுக்கு அஞ்சாத எழுதுகோல் சாதிக்கு இணங்கி நடந்தது. நினைவு விழாக்களில் இச்செய்தி மெல்லக் கடந்து செல்லப்படுவது வருந்தத்தக்கது.

அரை நூற்றாண்டு கழித்து அதே நெடுஞ்சாலையில் வேறொரு பூசல் எழுந்தது. 1945-இல் நாகர்கோவிலில் தோன்றிய அமைப்பு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசாக வளர்ந்து, மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் தமிழர் வாழும் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரியது. நெய்யாற்றின்கரையின் தென்பகுதியும் அக்கோரிக்கையில் அடங்கும். வடிவீசுவரத்தைச் சேர்ந்த டி.வி. இராமசுப்பையர் 1951 செப்டம்பர் 6 அன்று தினமலரைத் தொடங்கியது இச்சூழலில்தான். எதிர்த்தரப்பின் தலைநகரான திருவனந்தபுரத்திலேயே அச்சிடப்பட்டமை இதன் தனிச்சிறப்பு. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோசலிசுட்டு அமைச்சரவை பதவி விலக வேண்டுமென்று அக்கட்சியின் பொதுச்செயலாளர் இராம் மனோகர் லோகியாவே கோரினார். அத்தகைய நாள்களில் தமிழில் ஒரு நாளிதழ் தலைநகரிலிருந்து வெளிவந்தமை போராடியோர்க்குப் பெருந்துணை. ஆயின் அவ்விதழ் நடுவுநிலைச் சான்று அன்று, போராட்டத்தின் ஓர் உறுப்பே ஆகும். இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை; ஆனால் பின்விளைவைப் புரிந்துகொள்ள இது தேவை.

1955-இல் வெளியான மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்திற்குப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு குறித்த கோரிக்கைகளை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 அன்று எல்லை ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளைக்கு நகர்ந்தது. களியக்காவிளை தமிழகத்திற்கும், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாறசாலை கேரளத்திற்கும் உரியவாயின. 1957-இல் தினமலர் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. இராமகிருஷ்ண பிள்ளையைத் தோல்வி கொண்டு சேர்த்த ஊருக்கே, நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் இவ்விதழை வெற்றி கொண்டு சேர்த்தது எனலாம். திருச்சபையும் இவ்வாறே பிரிந்தது: தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர்ப் பேராயம் 1959-இல் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாயிற்று.

வென்ற நான்கு வட்டங்களோடு இதழும் சென்றது. வெல்லாத பகுதியில் தமிழர் எஞ்சினர். அவர்களைப் பற்றித் தமிழில் நாள்தோறும் எழுத அருகில் ஓர் இதழகம் இல்லாதுபோயிற்று. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை ஏற்கிறது. ஓர் அலுவலகத்தில் அவ்வுரிமை மறுக்கப்படுமாயின் அதனைச் செய்தியாக்குபவர் யார்? மாநில எல்லையையே பதிப்பின் எல்லையாகக் கொள்ளும் நாளிதழ்களுக்கு எல்லைச் சிற்றூர் என்பது மாவட்டப் பக்கத்தின் கடைசி மூலை. அண்டை ஊரேயாயினும் அப்பால் உள்ளது வேறு மாநிலச் செய்தி. அரசிடமிருந்து விடுதலை பெற்ற இதழ்கள் விற்பனை எல்லையிடம் கட்டுண்டன என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

நெய்யாறு இடதுகரைக் கால்வாய் இதற்குத் தக்க சான்று. மாநிலப் பிரிவினைக்கு முன்னரே திட்டமிடப்பட்ட இக்கால்வாய் நெய்யாற்றின்கரை வட்டத்தைக் கடந்து விளவங்கோட்டில் ஏறத்தாழ 9,200 ஏக்கருக்கு நீர் தர அமைக்கப்பட்டது. 2004-இல் தமிழகப் பகுதிக்கான நீர் நிறுத்தப்பட்டது. நெய்யாறு மாநிலங்களுக்கிடையிலான ஆறன்று என்பது கேரளத்தின் வாதம். 2012-இல் தமிழகம் உச்சநீதிமன்றத்தை நாடியது. இரு தலைநகரங்களின் வாதங்களை அறிய இதழ்கள் போதும். கால்வாயின் தலைப்பில் நீரின் அளவு என்ன, கரைகள் எந்நிலையில் உள்ளன, எல்லைக்கு இப்பால் கடைமடையில் உள்ள கேரள உழவர் பெறுவது எவ்வளவு என்பவற்றை அறிய, ஒரு செய்தியாளர் கால்வாய்க் கரையோடு நடந்து எல்லையைக் கடக்க வேண்டும். மலையாளத்திலும் தமிழிலும் வினவ வேண்டும். பாறசாலைப் பகுதியில் இரு மொழியும் பேசும் குடும்பங்கள் பல இருப்பதால் இஃது இயலாத செயலன்று.

தமிழ்த்துறைகள் இவ்வகையில் செய்யத்தக்க முதற்பணி ஒன்றுண்டு. 1951 முதல் 1957 வரை திருவனந்தபுரத்தில் அச்சான தினமலரின் உள்ளூர்ச் செய்திகளையும், அதே நாள்களின் மலையாள நாளிதழ்கள் நெய்யாற்றின்கரை பற்றி வெளியிட்டவற்றையும் நாள்வாரியாக எதிரெதிரே வைத்துப் படித்தல் வேண்டும். 1954 ஆகஸ்டு மாத இதழ்களிலிருந்து இதனைத் தொடங்கலாம்.