வேங்கிக்கால் சாலையில் நடையும் சைக்கிளும்

திருவண்ணாமலை மாட வீதிகளின் அகலம் தேரை வைத்து அமைந்தது. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் முட்டாமல் திரும்ப வேண்டும். அதற்குப் போதுமான இடம் விட்டுத்தான் வீடுகள் எழுந்தன. மற்ற நாட்களில் அந்த அகலம் முழுவதும் நடப்பவருக்கும் மாட்டு வண்டிக்கும் தலைச்சுமைக்காரருக்கும் பொது. நடைபாதை என்று தனியாக எதுவும் இல்லை. திண்ணைக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஓர் ஓரம் கிடந்தது. அதில் யாரும் ஒதுங்கி நடக்க வேண்டிய தேவை வரவில்லை.

ஊருக்கு வெளியே, மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் ஓடும் கிரிவலப் பாதைக்கு மட்டும் எழுதாத சாலை விதி ஒன்று இருந்தது. வலம் வருபவருக்கு மலை வலக்கைப் பக்கம். மலையை ஒட்டிய அந்தப் பக்கத்தைச் சித்தர்களுக்கும் தேவர்களுக்கும் விட்டுவிட்டு, மனிதர் இடப்புறமாக நடக்க வேண்டும் என்பது வழக்கம். செருப்பு கூடாது, வண்டி கூடாது, வேகமும் கூடாது. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் நடக்க வேண்டும் என்று ரமண மகரிஷி சொல்லி வந்ததை அவருடன் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்படி நடந்தே பழகிய ஊர்களுக்குள் சைக்கிள் வந்தபோது, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தது. இங்கிலாந்தில் அது சட்டத்தால் தீர்ந்திருந்தது. 1835-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் நடைபாதையில் வண்டி ஓட்டுவதைத் தடுத்தது. 1888-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் சைக்கிளும் வண்டிதான் என்றது. சென்னை மாகாணத்திலும் சைக்கிள் வண்டியாகவே நடத்தப்பட்டது. உள்ளாட்சிகள் அதற்கு வரி போட்டன. வரி கட்டியதற்கு அடையாளமாகத் தகர வில்லை கிடைக்கும். அதைச் சைக்கிளில் மாட்டியிருக்க வேண்டும். இரவில் விளக்கு இல்லாமல் போனாலும் ‘டபுள்ஸ்’ போனாலும் போலீஸ்காரர் நிறுத்துவார். அபராதம் போடாவிட்டால் டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார்; அதற்கு எந்தச் சட்டப் பிரிவும் தேவைப்படவில்லை.

1949-இல் முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை அனுப்பத் தொடங்கிய பிறகு, சைக்கிள் வசதியானவர் வீட்டுப் பொருள் என்ற நிலை மெல்ல மாறியது. வாங்க முடியாதவருக்கு வாடகைக் கடை இருந்தது. மட்கார்டில் எண் எழுதிய வண்டிகள் வரிசையாக நிற்கும். எடுத்த நேரமும் ஆள் பெயரும் நோட்டில் ஏறும். உயரம் போதாத சிறுவர்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றதும் இந்த வண்டிகளில்தான். அவர்கள் இடித்து விழுந்தது பெரும்பாலும் நடந்து போனவர்கள் மீதுதான். கேட்ட வசவோடு விவகாரம் முடிந்துவிடும். பால் கேனோடு வருபவர், தபால்காரர், பின்னால் வைக்கோல் கட்டிய விவசாயி என எல்லோரும் மணியடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து போனார்கள். சைக்கிளின் வேகத்துக்கும் நடையின் வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால்தான் அது நடந்தது.

அந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கியது மோட்டார். திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் இது தெளிவாகத் தெரியும். வேலூர் சாலையில் ஏரியை ஒட்டியிருந்த இந்தக் கிராமம், 1989 செப்டம்பர் 30-இல் வட ஆற்காடு பிரிந்து புது மாவட்டம் உருவானதும் அலுவலக ஊராயிற்று. ஆட்சியர் அலுவலகம் இங்கே அமைந்தது. மனு கொடுக்க வருபவரும் ஊழியரும் பெருக, பேருந்தும் இருசக்கர வாகனமும் பெருகின. வேலூரிலிருந்து வரும் அந்தச் சாலை தூத்துக்குடி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 38-இன் பகுதி. லாரிக்காக அகலமான தாரில் சைக்கிளுக்குக் கிடைத்தது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள மண். நடப்பவருக்கும் அதே மண்தான். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் அந்த மண்ணில்தான் வழி தேட வேண்டும். சைக்கிள்காரருக்கும் நடப்பவருக்கும் சண்டை என்று பேசப்படுவதில் பாதி, மோட்டாருக்கு விட்டது போக மிஞ்சிய இடத்துக்கான சண்டை.

கிரிவலப் பாதையிலும் இதே கதை. 1990-களில் பௌர்ணமிக் கூட்டம் பல மடங்கானது. பாதையின் ஒரு பகுதி செங்கம் போகும் நெடுஞ்சாலை. மீதி அடிஅண்ணாமலை போன்ற கிராமங்களின் அன்றாடச் சாலை. நாட்கணக்கில் ஆசிரமங்களில் தங்கும் வெளிநாட்டவர் வாடகை சைக்கிளில் சுற்றுவதும் இதே பாதையில்தான். பௌர்ணமி இரவில் வாகனங்களைத் தடுத்துவிடலாம். மற்ற நாளில் முடியாது. 2010-களின் நடுவில் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஓரத்தில் நடைபாதை வந்தது. ஆனால் வெறுங்காலோடு நடப்பவர் பலர், வெயிலில் காயும் கல்லை விட்டு வெள்ளைக் கோட்டின் மேல் நடப்பதையே விரும்புகிறார்கள்.

சட்டமும் பாதி வழிதான் வருகிறது. 1989-ஆம் ஆண்டு சாலை விதிகள், நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் மோட்டார் வாகனம் ஏறக் கூடாது என்றன. அப்படி ஒரு பாதை இருந்தால்தான் விதிக்கு வேலை. போட்டே ஆக வேண்டும் என்று அவை சொல்லவில்லை. சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. அதன் வழியில் 2019-இல் பாண்டி பஜாரில் அகல நடைபாதை வந்தது. நடைபாதை என்பது வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. திருவண்ணாமலை 2024-இல் மாநகராட்சி ஆகியிருப்பதால், நடைபாதை அமைக்கும் கடமையின் ஒரு பங்கு இனி அதையும் சேரும். நெடுஞ்சாலையின் ஓரம் மட்டும் நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கிறது.