பச்சிலைக் கை வைத்தியம் (எருமப்பட்டி வட்டாரம்)

தானாக முளைத்த செடிகொடிகளைப் பறித்து, வைத்தியரிடம் போகாமல் வீட்டிலேயே மருந்தாக்கிக்கொள்ளும் வழக்கத்தைச் சேலம், நாமக்கல் சமவெளியில் கை வைத்தியம் என்பார்கள். பாட்டி வைத்தியம் என்றாலும் இதுதான். சித்த மருத்துவத்திற்கு ஏடு உண்டு, குரு உண்டு, பற்பமும் செந்தூரமும் உண்டு. கை வைத்தியத்திற்கு இருப்பது அம்மியும் அடுப்பும், எந்தச் செடி எந்த வேலியில் இருக்கிறது என்ற நினைவும்தான். இரண்டும் காலங்காலமாகக் கொடுத்தும் வாங்கியும் வந்தவை. ஆனாலும் ஒன்றின் வரலாற்றைச் சொன்னால் மற்றதையும் சொன்னதாகிவிடாது.

எருமப்பட்டி நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ள பேரூராட்சி. வடக்கே கொல்லிமலை. மூலிகை என்றதும் வெளியூர்க்காரர் அந்த மலையைத்தான் நினைப்பார். சமவெளிக் குடும்பங்களுக்கோ அன்றாட மருந்து மலையிலிருந்து வந்ததில்லை, இட்டேரியிலிருந்து வந்தது.

இட்டேரி

இரு பக்கமும் உயிர்வேலி நிற்க நடுவே வண்டியும் ஆடுமாடும் போகும் தடத்திற்குக் கொங்கு நாட்டில் இட்டேரி என்று பெயர். கிளுவைக் குச்சியை வெட்டி நட்டால் அது துளிர்த்து முள்வேலியாகிவிடும். அதன் மேல் கொடிகள் ஏறும்: கோவை, பிரண்டை, முடக்கத்தான், முசுமுசுக்கை, தூதுவளை, சீந்தில். குழந்தையின் மாந்தத்திற்குத் தேடும் கொடிக்குப் பெயரே வேலிப்பருத்தி. கை வைத்தியத்தில் அடிக்கடி புழங்கும் பச்சிலைகளில் கொடிகள் இத்தனை இருப்பது தற்செயல் அல்ல. கொடிக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும், மாடு எட்டாத முள் வேண்டும். இரண்டையும் கிளுவை கொடுத்தது. வேலியின் அடி நிழலில் குப்பைமேனியும் நாயுருவியும், வாய்க்கால் ஈரத்தில் கரிசலாங்கண்ணியும் வல்லாரையும், மழைக்குப் பின் மேட்டுக்காட்டில் தும்பையும் கீழாநெல்லியும் நெருஞ்சியும், கரட்டோரம் ஆவாரையும் கிடைத்தன. நொச்சியும் ஆடாதோடையும் ஆடு கடிக்காதவை என்பதால் வேலியோரத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை.

எந்த ஆவணத்திலும் இந்த வேலிகள் மருந்தகமாகப் பதிவாகவில்லை. நிலப் பதிவேட்டுக்கு அவை வெறும் எல்லை.

பழைய தடயங்கள்

பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்களின் பெயர்கள் மருந்துச் சரக்குகளிலிருந்து வந்தவை. திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி. ஏலாதி என்பது ஏலத்தை முதலாகக் கொண்ட ஆறு சரக்கு. சிறுபஞ்சமூலம் என்பது கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர். இவை மருத்துவ நூல்கள் அல்ல, நீதி நூல்கள். நீதியை மருந்தாக உவமித்துப் பெயர் வைத்தால் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கேட்பவர்களுக்கு இந்தக் கூட்டுமருந்துகள் பழக்கமாக இருந்திருக்கின்றன. ஏலமும் திப்பிலியும் கடைச்சரக்கு. கண்டங்கத்திரியும் நெருஞ்சியும் எருமப்பட்டிக் காட்டில் இன்றும் காலில் குத்துபவை.

சித்தர் பெயரால் வழங்கும் பாடல்களின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நாம் காணும் பல பாடல்களின் மொழிநடை பிற்காலத்தது. வட்டாரமோ அந்தக் கணக்கைப் பொருட்படுத்துவதில்லை. கொல்லிமலையில் சித்தர் குகைகளைக் காட்டுவார்கள். சேலத்தை அடுத்த கஞ்சமலையில், மூலிகை கிழவனைக் குமரனாக்கிய கதையைச் சொல்வார்கள். திருச்சி மாவட்ட எல்லையில் உள்ள தலைமலையில் பெருமாளுக்கே சஞ்சீவிராயர் என்று பெயர். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு அது என்பது நம்பிக்கை. நாமக்கல்லில் பதினெட்டு அடி ஆஞ்சநேயர் நிற்கும்போது இந்தக் கதை இங்கே வேர்பிடித்ததில் வியப்பில்லை.

பறிப்பும் பக்குவமும்

பறிப்பதற்கு நேரம் உண்டு. இலையைப் பூப்பதற்கு முன், கொழுந்தும் முற்றலும் அல்லாத நடுப்பருவத்தில் எடுப்பார்கள். பூவை மலர்ந்த அன்று காலையிலேயே கொய்வார்கள். வேரை, விதை உதிர்ந்து செடி ஓய்ந்த பிறகே தோண்டுவார்கள். பட்டையை மரத்தைச் சுற்றி உரிக்காமல் ஒரு பக்கம் மட்டும் செதுக்குவார்கள். சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். பாதை ஓரத்துச் செடியும், சுடுகாட்டுச் செடியும், புற்றின் மேல் முளைத்ததும் ஆகாது என்பது பொதுவிதி. செடியைப் பிடுங்குமுன் மஞ்சள் நூல் காப்புக் கட்டி, சாபம் நீங்கச் சொல்லி எடுப்பது வைத்தியர் வழக்கம். வீட்டுப் பெண்கள் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். ஒரு செடியை மட்டும் விட்டுவைத்து மற்றதைப் பிடுங்குவார்கள். அடுத்த மழைக்கு விதை வேண்டுமே என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம்.

அளவுகள் எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் பழகியவை. அரைத்த விழுது சுண்டைக்காயளவு, கொட்டைப்பாக்களவு, நெல்லிக்காயளவு என்று ஏறும். பொடி என்றால் மூன்று விரலால் எடுப்பது திரிகடி, ஐந்து விரல் நுனியும் கூட்டி எடுப்பது வெருகடி. வெருகு என்றால் பூனை; பூனையின் பாதம்போல விரல்கள் குவிவதால் வந்த பெயர். கஷாயத்திற்கு நீரின் அளவைச் சொல்வதைவிட எவ்வளவு வற்ற வேண்டும் என்று சொல்வதே வழக்கம்: நாலுக்கு ஒன்றாக, எட்டுக்கு ஒன்றாக. அடுப்பு எரியும் வேகம் வீட்டுக்கு வீடு மாறும் என்பதை அறிந்த கணக்கு இது.

சளி பிடித்தால் தூதுவளையை ரசமாக வைப்பார்கள், இல்லையென்றால் ஆடாதோடை இலையை மிளகு தட்டிப்போட்டுக் காய்ச்சுவார்கள். தலைபாரத்திற்கு நொச்சித் தழையைக் கொதிக்கவைத்துக் கம்பளி போர்த்தி வேது பிடிப்பார்கள். சொறிக்குக் குப்பைமேனியோடு மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்துப் பூசுவார்கள். மூட்டுவலிக்கு முடக்கத்தானைத் தோசை மாவில் அரைப்பார்கள். இங்கே மருந்துக்கும் சமையலுக்கும் நடுவே கோடு கிழிப்பது கடினம். கண்மைக்குக்கூட இதே வேலிதான்: கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தி, திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்துக் கரி பிடிப்பார்கள். கைக்குழந்தைக்குக் கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், வசம்பு ஆகியவற்றை உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்துக் கொடுப்பது உரைமருந்து. வசம்பைப் பொழுது சாய்ந்தால் பேர் சொல்லாதது என்றே குறிப்பிடுவார்கள். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்ற பெயரும் உண்டு. அந்தப் பெருமையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வசம்பில் உள்ள அசரோன் காரணமாக அமெரிக்கா அதை 1968-இல் உணவில் சேர்க்கத் தடை செய்தது. இன்றைய குழந்தை மருத்துவர்கள் உரைமருந்தை ஊக்குவிப்பதில்லை.

சரக்குகளுக்கு நாட்டு மருந்துக் கடை உண்டு, சந்தை உண்டு. கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தை மிளகு, சீரகம் முதலான மளிகைக்குப் பெயர்பெற்றது. மலையிலிருந்து இறங்கும் பொருள்களில் இப்போது புகழ் பெற்றது முடவாட்டுக்கால். ஆட்டுக்கால்போல மயிரடர்ந்த இந்தக் கிழங்கு, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. எழுபது கொண்டையூசி வளைவு ஏறிவரும் சுற்றுலாப் பயணிக்கு இதைச் சூப்பாக வைத்து விற்கிறார்கள். மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினருக்கு இதில் வருமானம் உண்டு, பாறைக்குத்தான் இழப்பு.

அரசும் அச்சும்

சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஒயிட்லா எயின்ஸ்லி 1813-இலும், விரிவாக்கி 1826-இலும் வெளியிட்ட மருந்துச்சரக்கு நூல்கள் தமிழ்ப் பெயர்களோடு பல பச்சிலைகளை ஐரோப்பியருக்குக் காட்டின. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. வேலிக்கீரையும் காட்டுக்கிழங்கும் அப்போது மருந்தாக மட்டுமல்ல, சோறாகவும் இருந்தன. 1882-இன் சென்னை வனச்சட்டம் மலைச்சரிவுகளைக் காப்புக்காடாக்கியது. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோல் பதனிடும் தொழிலுக்குப் போகும் குத்தகைப் பொருள்களாயின. மலைக்காட்டில் கட்டுப்பாடு வந்ததால் சமவெளிக்காரருக்கு இட்டேரியின் மதிப்பு கூடியிருக்கும் என்று கருத இடமுண்டு.

1921-இல் அமைந்த முகமது உஸ்மான் குழு, நாட்டு மருத்துவ முறைகளுக்கு அரசு ஆதரவு வேண்டும் என்று 1923-இல் பரிந்துரைத்தது. அதன் பயனாகச் சில ஆண்டுகளில் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. 1930-களில் டி. வி. சாம்பசிவம் பிள்ளையின் மருத்துவ அகராதியும் முருகேச முதலியாரின் குணபாடமும் அச்சேறின. சித்த மருத்துவம் பாடமாயிற்று, பட்டமாயிற்று. கை வைத்தியத்திற்கு இந்த வரிசையில் இடமில்லை. அது பட்டமும் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடம் சில பச்சிலைகளைத் தொட்டது. ஆடாதோடையின் வாசிசின் என்ற பொருளை ஒட்டி உருவானவையே இன்று இருமல் சிரப்புகளில் உள்ள புரோம்ஹெக்சினும் ஆம்புரோக்சாலும். கீழாநெல்லியின் கதை இவ்வளவு நேரானது அல்ல. மஞ்சள் காமாலைக்கு இதை வேரோடு அரைத்து, நெல்லிக்காயளவு மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் குடித்து, உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் இருப்பது இந்த வட்டாரத்தின் உறுதியான நம்பிக்கை. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களிடம் செய்த சோதனையை லான்செட் இதழ் வெளியிட்டது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகள் இதே பலனைத் தரவில்லை. ஊரில் அதிகம் காணும் காமாலை, தண்ணீரால் பரவும் ஏ வகை. அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். தணிந்த பெருமை காலையில் குடித்த விழுதுக்குச் சேர்கிறது. கீழாநெல்லி என்று பறிப்பதில் அதை ஒத்த வேறு இரண்டு மூன்று இனங்கள் கலந்துவிடுவதும் உண்டு.

வேலியில் நஞ்சும் உண்டு. ஒடுவன் தழை தமிழ்நாட்டு மருத்துவமனைகள் நன்கு அறிந்த உயிர்க்கொல்லி. செங்காந்தள் பூ மாநில மலர், அதன் கிழங்கோ ஆளைக் கொல்லும். அதில் உள்ள கோல்சிசின் கீல்வாத மருந்தாவதால், வேலிக்கொடியாக இருந்தது மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் போட்டு விதைக்காக வளர்க்கும் பணப்பயிராகிவிட்டது. சாதுவாகத் தெரியும் குப்பைமேனியை உள்ளுக்குக் கொடுத்து, ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு இரத்த அணுக்கள் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டிகளுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

மாட்டுக்கும் மருந்து

எருமையின் பெயரைத் தாங்கிய ஊரில் கால்நடையை விட்டுவிட்டு இதை எழுத முடியாது. மாட்டுக்கு வயிறு உப்பினால் பிரண்டை, புண்ணுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும். இங்கே வாய்வழக்கு ஏட்டுக்கு ஏறியிருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி தஞ்சாவூரில் இவற்றைத் திரட்டி அளவுபடுத்தினார். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து நாளுக்குப் பல முறை பூசும் முறையைத் தேசிய பால்வள வாரியம் நாடெங்கும் பரப்பியது. நாமக்கல்லிலும் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தால் சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு கீழாநெல்லி சேர்த்து உருட்டிக் கொடுக்கும் வழக்கம் கொல்லைப்புறக் கோழிகளோடு நின்றுவிட்டது. மாவட்டத்தின் பெரும் முட்டைப் பண்ணைகள் தடுப்பூசியை நம்பியே நடக்கின்றன.

அண்மைக்காலம்

2006-இன் சிக்குன்குனியாவும் 2012-இன் டெங்குவும் நிலவேம்புக் குடிநீரை வீதிக்குக் கொண்டுவந்தன. 2020-இல் கபசுரக் குடிநீர் வந்தது. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு, கபசுரத்தில் பதினைந்து. இரண்டும் சித்த மருத்துவ நூல் வழி வந்தவை, பொட்டலமாக வாங்கிக் காய்ச்சுபவை. இவற்றைப் பாட்டி வைத்தியத்தின் மறுவருகை என்று கொண்டாடியவர்கள் பாட்டி எங்கே பறித்தாள் என்பதை மறந்தார்கள்.

பறித்த இடம்தான் குறைந்துகொண்டு வருகிறது. கிளுவையை ஆண்டுதோறும் கழித்துக் கட்ட ஆள் கிடைப்பதில்லை. கல்தூணும் முள்கம்பியும் ஒரு தடவைச் செலவு. இட்டேரிகள் தார்ச்சாலையாகும்போது அகலத்திற்காக முதலில் போவது வேலி. வேலி போனதும் கொடிகள் போயின. தரைப்பச்சிலைகள் இன்னும் சில காலம் களையாக நின்றன. கைக்களை எடுத்த காட்டில் களைக்கொல்லி தெளிக்கத் தொடங்கியதும் வரப்புக் கீழாநெல்லியை வாயில் வைக்கவே தயக்கம் வந்தது. மலையில் மட்டும் சில பாதுகாப்பு முயற்சிகள் உண்டு. வனத்துறையோடு சேர்ந்து பெங்களூரின் எஃப்.ஆர்.எல்.எச்.டி. நிறுவனம் 1990-களில் அமைத்த மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகளுள் கொல்லிமலையும் ஒன்று. சமவெளி வேலிக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை.

இந்தச் செடிகளை வீட்டார் எல்லோரும் சேர்ந்து தேடிப்போகும் நாள் ஒன்று இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாக்கி வீட்டு இறவாரத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் காட்டு மூலையிலும் செருகுவார்கள். பூளை என்பது கல்லடைப்புக்குக் கஷாயம் வைக்கும் சிறுபீளைதான். நாமக்கல், சேலம் கடைவீதிகளில் அன்று காலை அந்தக் கொத்துகளைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.