ஹீட்டரே போடாத ஊரில் ஹீட்டர் ஹோஸை ஏன் பார்க்க வேண்டும்?

அப்பா ஓட்டிய பழைய கார் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போகப்போகிறீர்கள். டயர் பார்த்தாச்சு, பிரேக் பார்த்தாச்சு, எஞ்சின் ஆயில் மாத்தியாச்சு. ஹீட்டர் ஹோஸ்?

"நம்ம ஊர்ல யாருங்க ஹீட்டர் போடறாங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் ஹீட்டரைப் போடாவிட்டாலும் அந்த ஹோஸ் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது.

என்ன ஹோஸ் அது?

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் ரேடியேட்டருக்கு மட்டும் போவதில்லை. அதில் ஒரு பகுதி, இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோருக்குப் போய்த் திரும்பும். அவைதான் ஹீட்டர் ஹோஸ்கள். பொனட்டைத் திறந்தால், கண்ணாடிப் பக்கமுள்ள தகட்டுச் சுவருக்குள் நுழையும் இரண்டு கறுப்புக் குழாய்களைப் பார்க்கலாம். பெருவிரல் தடிமன்தான் இருக்கும்.

உள்ளே ஓடும் கூலண்ட் சுமார் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில், அழுத்தத்தோடு இருக்கும். ஹோஸ் ஒன்று வெடித்தால் சில நிமிடங்களில் கூலண்ட் காலி. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும்போது இது நடந்தால்? எஞ்சின் அளவுக்குமீறிச் சூடாகும், அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். பழைய காருக்கு அந்தச் செலவு பல நேரம் கட்டுப்படியாகாது. காரையே விற்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம். கூலண்ட் முழுதாக வெளியேறிவிட்டால் டெம்பரேச்சர் மீட்டரை நம்ப முடியாது. சென்சார் திரவத்தில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். முள் நடுவில் இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு.

உள்ளூர்ச் சந்தைக்கு வந்த சில பழைய மாடல்களில் ஹீட்டரே கிடையாது. உங்கள் காரில் இருக்கிறதா என்று ஃபோர்மனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏர்கோன் தண்ணியா, கூலண்டா?

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். காருக்கு அடியில் ஈரம் தெரிந்தால் "ஏர்கோன் தண்ணிதான்" என்று விட்டுவிடுவோம். பெரும்பாலும் அது சரிதான். சிக்கல் என்னவென்றால், ஏர்கோன் தண்ணீர் சொட்டும் இடமும் ஹீட்டர் ஹோஸ் கசியும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

ஒரு வெள்ளை டிஷ்யூவை வைத்து ஒற்றிப் பாருங்கள். நிறமும் வாசமும் இல்லாமல் காய்ந்துபோனால் ஏர்கோன். பச்சை, சிவப்பு, துரு நிறம் என்று ஏதாவது ஒட்டினால், விரலில் வழவழப்பாக இருந்தால், லேசான இனிப்பு வாசம் வந்தால் கூலண்ட். (வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. பூனை, நாய்கூட நக்கிவிடக் கூடாது.) முன்சீட்டுப் பயணியின் காலடியில் கார்பெட் ஈரமாகி, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் படிந்தால் கசிவது ஹீட்டர் கோராக இருக்கலாம்.

அமுக்கிப் பாருங்க

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகுதான் கையை வைக்க வேண்டும். காலையில் காரை எடுப்பதற்கு முன் பார்ப்பது நல்லது.

வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸ்கூட உள்ளே கெட்டிருக்கலாம். கூலண்டும் எஞ்சினில் உள்ள வெவ்வேறு உலோகங்களும் சேர்ந்து, பேட்டரி மாதிரி சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அது ரப்பரை உள்ளிருந்து, அதுவும் முனைகளுக்குப் பக்கத்தில், நீளவாக்கில் கீறிவிடும். அதனால் நடுப்பகுதியை மட்டும் அமுக்கிப் பார்த்தால் போதாது. கிளிப்புக்கு அருகே, முனையிலிருந்து 5 செண்டிமீட்டருக்குள், இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் இருப்பதைவிட முனை மெத்தென்று இருந்தாலோ, உள்ளே பிளவு தட்டுப்பட்டாலோ மாற்ற வேண்டியதுதான். கல் மாதிரி இறுகினது, ஊதினது, ஆயில் பட்டுக் கொழகொழத்தது எல்லாமே அதே கதைதான்.

"இங்கே பனியா கொட்டுது, பைப்புத் தண்ணி போதும்" என்று ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். கூலண்டின் வேலை பனியைத் தடுப்பது மட்டுமல்ல. அது துருவையும் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது.

மாற்றும்போது

பழைய ஹோஸை இழுத்துத் திருகிப் பிடுங்காதீர்கள். ஹீட்டர் கோரின் குழாய் மெல்லியது. வளைந்தால் டேஷ்போர்டையே கழற்ற நேரிடும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரிப்பதுதான் பாதுகாப்பு. குழாயில் கீறல் விழாமல் பார்த்துக்குங்க. பிறகு துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதியதை மாட்டலாம். வழுக்கிப் போக வேண்டுமென்றால் தண்ணீர் தடவுங்கள், ஆயில் வேண்டாம்.

வளைந்த ஹோஸுக்குப் பதில் நேரான ஹோஸை மடக்கிப் போட்டால், மடிந்து அடைத்துக்கொள்ளும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே வயசு. சில ஃபோர்மன்கள் ஹீட்டர் கோரை விட்டுவிட்டு இரண்டு முனைகளையும் ஒரே ஹோஸால் இணைத்துவிடுவார்கள். நம் வானிலைக்கு அது ஓடும். ஆனால் அந்த ஹோஸும் ரப்பர்தான், அதையும் பார்க்க வேண்டும்.

கூலண்டை மறுபடி நிரப்பும்போது உள்ளே காற்று தங்கக் கூடாது. எஞ்சினை ஓட விட்டு, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி வையுங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத குமிழ் என்றால் மெதுவாகத் திருப்புங்கள், உடைந்துவிடும். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் காற்று வெளியேறியிருக்கிறது என்று அர்த்தம், ஊற்றிவிடலாம். அடுத்த நாளும் இறங்கினால் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, கிளிப்பை முதலில் சோதியுங்கள்.